உறை மேல் எண் இருக்கிறது, அமிலத்தின் பெயர் எங்கே? ஒரு பஃபர் தூள் தொகுப்பு பற்றி

பஃபர் கரைத்தே பாதி ஆயுளைக் கழித்த ஆய்வக உதவியாளர் நான். பஃபர் என்றால், அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் தன் பிஎச்சை (அமில, கார அளவை) அதிகம் மாறவிடாத கரைசல். ஆறு மாதங்களாக ஒரு பொட்டலத் தொகுப்பைப் பயன்படுத்தி வருகிறேன். பிஎச் மீட்டரைச் சரிபார்க்க 4, 7, 9.2 என்று மூன்று வகை; சோதனைகளுக்காக 5, 7, 8 என்று இன்னும் மூன்று. கிழி, கொட்டு, வாலை வடிநீரில் ஒரு லிட்டராக்கு, அவ்வளவுதான் வேலை என்கிறது உறை.

மீட்டருக்கான மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4 என்பது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், 9.2 என்பது போராக்ஸ். வெப்பநிலைக்கு ஏற்ப பிஎச் எவ்வளவு மாறும் என்ற அட்டவணையும் உள்ளே இருக்கிறது. காரப் பக்கத்துப் பஃபர் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, அதன் பிஎச் இறங்கிவிடும். பெரிய புட்டியில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட, வேண்டும்போது ஒரு பொட்டலம் கரைப்பது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும்: உறையின் மூலையில் எப்போதும் ஒரு சிட்டிகை தூள் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை நீர் விட்டு அலசிக் குடுவையிலேயே ஊற்றிவிடுங்கள்.

சோதனைப் பொட்டலங்களில்தான் எனக்குச் சண்டை. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘7.0’. எந்த அமிலம் என்பது பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த எழுத்தில். அவசரத்தில் நான் பார்க்கவில்லை. கால்சியம் தேவைப்படும் ஒரு நொதிச் சோதனைக்கு அதையே கரைத்துக் கொடுத்தேன். கால்சியம் குளோரைடின் முதல் சொட்டு விழுந்ததும் வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கியது; நான்காவது சொட்டில் குடுவையே கலங்கிவிட்டது. “மேடம், இது பாலாகிவிட்டதே!” என்றாள் மாணவி. பால் இல்லை, கால்சியம் பாஸ்பேட். பார்க்காதது என் தவறு. அதை ஒளித்து வைத்தது அவர்கள் தவறு.

பஃபருக்கு அமிலம் தேர்வது பிஎச் எண்ணோடு முடிகிற காரியமல்ல. அமிலம் சரிபாதி பிரிந்து நிற்கும் பிஎச்சைத்தான் பிகேஏ என்கிறோம்; அந்த மதிப்பு வேண்டிய பிஎச்சுக்குப் பக்கத்தில், ஒன்றுக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும் என்பது முதல் படி. அசிட்டிக் அமிலத்துக்கு அது 4.76. அதனால் 5க்கான பொட்டலத்தில் அது இருப்பது பொருத்தம். அதையே 7க்குக் கொண்டுபோனால் ஒரு பங்கு அமிலத்துக்கு 174 பங்கு அசிட்டேட் நிற்கும். காரம் கொஞ்சம் சேர்ந்தாலும் தாங்க ஆளில்லை. 7க்குப் பாஸ்பேட் அருமை, அதன் இரண்டாவது பிகேஏ 7.2. ஆனால் கரைசலில் வேறு என்ன சேரப்போகிறது என்பதுதான் இரண்டாவது படி. கால்சியம் வந்தால் பாஸ்பேட் வீழ்படிவாகும், சிட்ரேட்டோ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் நான் ஹெப்பெஸ் என்ற வேறொரு பஃபர் பொருளை எடுப்பேன்.

8க்கான பொட்டலத்தில் இருப்பது டிரிஸ் என்ற பஃபர் பொருள். 25 டிகிரியில் 8 காட்டுவதை 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 8.6 ஆகிவிடும். மீட்டர் பஃபருக்கு அட்டவணை போட்டவர்கள் இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். கையால் எடை போடுவதிலும் வம்பு உண்டு. பாஸ்பேட் பஃபரின் காரப் பங்கான டைசோடியம் பாஸ்பேட் நீரற்றதாகவும் வரும், 12 நீர் மூலக்கூறுகளோடும் வரும். 0.1 மோலுக்கு முதலாவதில் 14.2 கிராம், இரண்டாவதில் 35.8 கிராம். புட்டி மாறி, நீருள்ளதில் 14.2 கிராம் மட்டும் போட்டால் பிஎச் 0.4 அளவுக்குச் சறுக்கும். ஒருமுறை நானே சறுக்கியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பொட்டலம் அந்த வம்பை மிச்சப்படுத்துகிறது.

மீட்டருக்கானதை மறுபடியும் வாங்குவேன். மற்றவை தீர்ந்தால் பழையபடி தராசுதான். மீதமிருக்கும் பொட்டலங்களின் முன்பக்கத்தில், எண்ணுக்கு மேலேயே, கறுப்பு மையால் அசிட்டேட், பாஸ்பேட், டிரிஸ் என்று எழுதி வைத்துவிட்டேன்.