பஞ்சடைந்த லேப்டாப்: கடையில் கொடுப்பதா, நாமே கழற்றுவதா?

மெல்லிய லேப்டாப்பைத் திறக்க மூன்று காரணம் உண்டு: ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்ற, பேட்டரி மாற்ற, ஃபேனைச் சுத்தம் செய்ய. ரேம் பல மாடல்களில் போர்டோடு சாலிடர் ஆகியே வருவதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த வேலையைக் காந்திபுரம் பக்கம் ஏதாவது சர்வீஸ் கடையில் கொடுக்கலாம், வாரன்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், ஸ்க்ரூடிரைவர் வாங்கி நாமே கழற்றவும் செய்யலாம். என் ஓட்டு நாமே கழற்றுவதற்குத்தான். கூலி மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை வேலைக்குக் கடையே போதும். பனியன் கம்பெனியும் விசைத்தறியும் பஞ்சைக் கிளப்பும் திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் லேப்டாப்பைத் திறப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலையில்லை என்பதுதான் சங்கதி.

முதலில் எஸ்எஸ்டி. இதில் கடைக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே ஒரு ஸ்க்ரூ, சாய்வாகச் செருகிப் படுக்க வைத்து முடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியவை நீளமும் தடிமனும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், சில மெல்லிய மாடல்களில் 2242 அல்லது 2230தான் உட்காரும். இரண்டு பக்கமும் சில்லு இருக்கும் எஸ்எஸ்டியைப் போட்டால் அடி மூடி சரியாக மூடாமல் போகலாம். ஒரு பக்கம் மட்டும் சில்லு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பழையதைக் கழற்றும் முன் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை வேறெங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் பழைய எஸ்எஸ்டியில் உள்ள ஃபைல்கள் கைக்கு வராமலே போகலாம். நாமே மாற்றினால் கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் இருக்கிற பழைய எஸ்எஸ்டி நம் கையிலேயே இருக்கும் என்பது ஒரு சௌகரியம்.

இனி பஞ்சு. சாதாரண வீட்டுத் தூசி உதிரி உதிரியாக இருக்கும், ஊதினால் பறந்துவிடும். பருத்தி இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அடியிலிருந்து ஃபேன் இழுக்கும் காற்றோடு உள்ளே போய், ஃபேன் முடிந்து, சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளான ஃபின் தொடங்கும் வாயில் நின்றுவிடும். அந்த ஃபின்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். அடுத்தடுத்து வரும் இழையெல்லாம் அதன்மேல் சேர்ந்து, மெத்தையிலிருந்து உருவியது போல ஒரு பட்டையாகப் படிந்துவிடும். ஃபேன் சுற்றும், சத்தம் போடும், ஆனால் பக்கவாட்டில் கை வைத்தால் காற்றே வராது. சூடு தாங்காமல் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே படுத்திருக்கும் பேட்டரியும் அந்தச் சூட்டில் சீக்கிரம் கிழடாகும். கட்டிங் டேபிள், ஓவர்லாக் மெஷின், விசைத்தறி இவற்றுக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆடிக் காத்து வீசும் மாதங்களில் மண்ணும் சேர்ந்துகொள்ளும்.

கடைகள் பலவற்றில் கிளீனிங் என்றால் அடி மூடியைத் திறந்து ப்ளோயர் அடிப்பதோடு சரி. “ஏனுங்ணா, ஃபேனைக் கழட்டுனீங்களா?” என்று கேட்டால், “அதெல்லாம் வேண்டியதில்லீங்க, ஊதியாச்சு” என்று பதில் வரும். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வாங்கும் கூலிக்கு அவ்வளவுதான் நேரம். ஆனால் ஊதினால் இந்தப் பட்டை வெளியே வராது. ஃபின் வழியாகப் போக அது தூளில்லை. வெளிப்பக்கமிருந்து ஊதினால் ஃபேன் கூட்டுக்குள் விழுந்து, நாலு நாளில் மறுபடி அதே வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றி, ட்வீஸரால் பட்டையை முழுதாக உரித்து எடுத்தால்தான் தீரும். பனியன் கம்பெனி ஆபீஸில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இது தேவைப்படலாம். பொள்ளாச்சி ரோட்டு வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவையே போதுமாக இருக்கலாம். காலண்டரை விடச் சூட்டைப் பார்ப்பது நல்லது: சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போதே ஃபேன் ஓயாமல் இரைந்தால் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

திறக்கும் முறை இது. சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும். விண்டோஸில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுசாக அணையும். லெனோவோ திங்க்பேட் என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங் திரை) பேட்டரியை டிஸேபிள் செய்யும் வசதி இருக்கிறது. அதைச் செய்த பிறகு சார்ஜரைச் செருகாதீர்கள், செருகினால் பேட்டரி மறுபடி உயிர் பெற்றுவிடும். பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரில் பிஹெச்0 (பிளஸ் வடிவம்) அல்லது டி5 (ஆறுமுனை நட்சத்திரம்) முனை போதும். மேக்புக்குக்கு மட்டும் ஐந்திதழ் வடிவ பென்டலோப் பி5 வேண்டும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டைக்குப் போய், உள்ளே போர்டைத் துளைத்து, பைசா செலவில்லாத வேலை மதர்போர்டு செலவாகிவிடும். எல்லா ஸ்க்ரூவும் கழன்ற பிறகும் மூடி வராவிட்டால் இழுக்காதீர்கள். ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்த ஸ்க்ரூ இருக்கும். ஹெச்பியில் இது சகஜம்.

மூடியைப் பிளாஸ்டிக் கார்டால் நெம்பித் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் இரு பக்கமும் நகத்தால் மாற்றி மாற்றித் தள்ளுங்கள். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்தினால் மிச்சக் கரண்டும் போய்விடும். ஃபேனுக்குச் சாதாரணமாக இரண்டு மூன்று ஸ்க்ரூவும் ஒரு சின்ன வயரும்தான். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்கள். சுற்ற விட்டு ஊதினால் பேரிங் கெடும். சில மாடல்களில் ஃபேனும் பிராசஸர் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்பும் ஒன்றாகவே இருக்கும். அங்கே சில்லின்மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க்கையே தூக்க வேண்டும். தூக்கினால் இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சில்லு முழுவதும் மூடும்படி மெல்லிசாகத் தடவி, ஹீட்சிங்கில் அச்சிட்ட 1, 2, 3, 4 வரிசைப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போட்ட கேமிங் மெஷின் என்றால் இந்தக் கட்டத்தில் கை வைக்காதீர்கள்.

கோவையில் கணபதி, சிட்கோ பக்கம் லேத் பட்டறைக்குள் லேப்டாப் வைத்திருப்போருக்குப் பஞ்சு தொல்லை கிடையாது, இரும்புத் தூள் உண்டு. ஃபேன் மோட்டாரில் காந்தம் இருப்பதால் தூள் போய் அங்கே அப்பிக்கொள்ளும். அங்கே ப்ளோயரே கூடாது. தூள் போர்டில் தெறித்தால் ஷார்ட் ஆகும். டேப்பால் ஒற்றி எடுப்பதே வழி.

பேட்டரியில் என் சாய்வு கொஞ்சம் குறைகிறது. பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் பார்த்து வாங்கிப் போட்டால் வேலை எளிதுதான்; கடையில் கையிருப்பில் இருக்கும் ஏதோ ஒரு கம்பாட்டிபிள் நம் தலையில் விழாது. போட்ட பிறகு விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் (புதிதில் இருக்க வேண்டிய அளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போது கொள்ளும் அளவு) ஒப்பிடலாம். போலிகளில் அந்த எண்ணே பொய்யாக எழுதியிருக்க வாய்ப்புள்ளதால், முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். ஆனால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் போடவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம், கடைக்கே போகட்டும். கோந்து போட்டு ஒட்டிய மேக்புக் பேட்டரியும் அப்படித்தான். டிஸ்ப்ளே, திரை மடங்கும் ஹிஞ்ச், ரிவெட் அடித்த கீபோர்டு, சார்ஜிங் போர்ட் சாலிடரிங் எல்லாம் கடைக்காரர் கைப்பழக்கத்தில் வருபவை, அவற்றில் போட்டி போடுவதில் அர்த்தமில்லை. வாரன்டி ஓடும் மெஷினில் எந்தக் கோளாறாக இருந்தாலும் சர்வீஸ் சென்டர்தான். திறப்பதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள்; லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றும் பெரும்பாலான மாடல்களுக்கு அதை இலவசமாகவே வெளியிடுகின்றன.

சுத்தம் செய்யவும் கடைக்கே கொடுப்பதென்றால் “ஃபேனைக் கழட்டி, பஞ்சை எடுத்துக் காட்டுங்க” என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்டியின் சீரியல் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும் பக்கவாட்டு வாயில் கை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வராவிட்டால் அங்கேயே நின்று மறுபடி திறக்கச் சொல்லலாம்.