பினாங்கில் அரை நாள்: ஒரு வழிகாட்டியும் நாங்கள் ஆறு பேரும்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். வந்ததும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முன்னால் மூன்று மணி வெயிலில் எங்களை நிற்க வைத்து, 1801-இல் ஆரம்பித்த கதையை முடிக்கவே மாட்டேன் என்றார். என் மகன் நிழல் தேடிப் பக்கத்துக் கடைக்குள் போய்விட்டான்.

மற்றபடி, கோலாலம்பூரிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போகிறவர்கள் யார் கேட்டாலும் இந்த அண்ணனைத்தான் கைகாட்டுவேன்.

போனில் பேசும்போதே அவர் கேட்ட கேள்விகள் விநோதமாக இருந்தன. எங்கெங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, யார் சைவம், ஒரு மணி நேரம் பாத்ரூம் போகாமல் தாங்குவார்களா. கடைசிக் கேள்விக்கு நான் அத்தையிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷ மருமகளிடம் சொல்லாததை அன்றைக்கு, "அரை மணிக்கு ஒருதரம் வேணும்மா" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பஸ் டூரில் போனோம். ஒரே நாளில் 9 இடம். அன்று முழுக்க அத்தை ஏன் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த முறை தேவகோட்டையிலிருந்து என் கணவரின் பெரியம்மாவும் வந்திருந்தார். வயது 74. கையில் ஒரு லிஸ்ட்: மலை ரயில், சுவர் ஓவியங்கள், தண்ணீர்மலை முருகனின் 513 படிகள். அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "யாரும்மா போட்டுக் கொடுத்தது?" என்றார். பேரன் என்றார் பெரியம்மா. "சரி. பினாங்குன்னு ஒரு ஊர் இருக்குன்னு நீங்க முதல்ல யார் சொல்லிக் கேட்டீங்க?"

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அவருடைய தாத்தா இங்கே ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையலுக்கு இருந்தவராம். அடுப்படிக்கு மாரியம்மன் கோயில் மணி கேட்கும் என்பாராம். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதோடு லிஸ்ட் மடிந்து அண்ணன் சட்டைப்பைக்குள் போனது. குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். இரண்டிலும் சுத்தமான பாத்ரூம். அத்தையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, "நான் டீ குடிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கிட்டங்கி என்றால் நான் ஏதோ கிடங்கு என்று நினைத்திருந்தேன். நீளமான ஒரே கூடம். வரிசையாக ஆளுக்கொரு மேசைப் பெட்டி, பக்கத்தில் இரும்புப் பெட்டகம். பகலில் அதுதான் வட்டிக்கடை, ராத்திரி அங்கேயே பாய் விரிப்பார்கள், பின்கட்டில் எல்லாருக்கும் பொதுச் சமையல் என்று அண்ணன் கையால் காற்றில் வரைந்து காட்டினார். "உங்க தாத்தா எந்தக் கட்டடம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. இந்த வரிசைதான்." பெரியம்மா கடை முகப்பில் ஓடும் ஐந்தடிப் பாதையின் தூணில் கை வைத்து நின்றார்.

சாயங்காலப் பூசை நேரம். எதிர்க்கடையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அண்ணன் தெருவைத் தாண்டிப் போய் என்ன சொன்னாரோ, பாட்டு நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டது. பெரியம்மாவுக்கு மணி கேட்டதாம்.

513 படியும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். படி ஏறிப் போகும் இப்போதைய மலைக்கோயில் 2012-இல் கட்டி முடித்தது. தாத்தா கும்பிட்டது அடிவாரத்தில் நகரத்தார், அதாவது செட்டியார்கள், கட்டிய கோயிலைத்தான் இருக்கும், அது 1857-லிருந்து இருக்கிறது என்றார் அண்ணன். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து அங்கேதான் போகும். ரதம் 1894-லிருந்து ஓடுகிறது. வேனில் அதே ரூட்டில் கூட்டிப்போனார். பெரியம்மா வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

சுவர் ஓவியத்தில் சைக்கிள் பக்கத்தில் போட்டோ எடுக்கவில்லை என்று என் மகள் ஹோட்டல் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். நியாயம்தான், பிள்ளைகளையும் அவர் கொஞ்சம் கேட்டிருக்கலாம். மறுநாள் காலை நாங்களே ஆர்மீனியன் ஸ்ட்ரீட் போய் எடுத்துக்கொண்டோம்.

கூலி 350 வெள்ளி (ரிங்கிட்), வேன் தனி. எட்டு பேருக்கு மேல் என்றால் அவர் ஒத்துக்கொள்வதில்லை. தைப்பூச வாரத்தில் கூப்பிடாதீர்கள். ரதத்தோடு நடக்கப் போய்விடுவாராம், போனையே எடுக்க மாட்டார்.