கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டம்: பர்ஜ் பட்டன் போனுக்குள் எட்டாது

தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் ஊர்வல நேரம் மாறுகிறது. கோவில் தளத்தில் திருத்தியாகிவிட்டது. ரோஸ்ஹில்லில் ஒருவரின் போன் மட்டும், தான் சேமித்து வைத்த பிரதியிலிருந்து (கேச்) பழைய நேரத்தையே காட்டுகிறது. மொரீஷியஸில் இப்படிச் சின்னத் தளம் நடத்துகிறவர்களுக்கு கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டம் தாராளமாகப் போதும்; தளத்துக்கும் வாசகருக்கும் நடுவே நின்று கோப்புகளின் பிரதியை வைத்துக் கொடுக்கும் சேவை அது. ஆனால் அது வரும் அமைப்பிலேயே விட்டால் சிக்கல்தான்.

முதலில் தொட வேண்டியது 'பிரௌசர் கேச் டிடிஎல்', அதாவது பிரௌசர் ஒரு பிரதியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அமைப்பு. தொடக்கத்தில் 4 மணி நேரம் என்றிருக்கும். உங்கள் சர்வர் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றம்) கோப்புக்குப் பத்து நிமிடம் என்று ஹெட்டரில், அதாவது கோப்போடு வரும் குறிப்பில், சொல்லி அனுப்பினாலும் இது 4 மணி நேரமாக உயர்த்திவிடும். 'ரெஸ்பெக்ட் எக்ஸிஸ்டிங் ஹெட்டர்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

'பர்ஜ் எவ்ரிதிங்' கிளவுட்ஃப்ளேரின் சர்வர்களில் உள்ள பிரதியைத்தான் துடைக்கும், போனில் இருப்பதை அல்ல. கிளவுட்ஃப்ளேரின் கேச்சைத் தற்காலிகமாக ஒதுக்கும் 'டெவலப்மெண்ட் மோட்' கதையும் அதே. 3 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்.

எச்டிஎம்எல்லுக்கு (பக்கத்தின் மூலக் கோப்பு) 'கேச்-கண்ட்ரோல்' ஹெட்டரில் 'நோ-கேச்' போடுங்கள். பெயர்தான் குழப்பம்: 'வைத்துக்கொள், காட்டும் முன் என்னைக் கேள்' என்பதே அதன் பொருள். மாற்றம் இல்லையென்றால் 'மாறவில்லை' என்று சொல்லும் 304 மட்டும் வரும், பக்கம் மறுபடி இறங்காது. 'நோ-ஸ்டோர்' போட்டால் ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கம்; ப்ரீபெய்டு டேட்டாக்காரர்கள் பாவம்.

வீட் போன்ற தளம் கட்டும் கருவிகள் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), சிஎஸ்எஸ் கோப்புப் பெயரிலேயே ஹேஷ், அதாவது உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு, சேர்க்கும். அவற்றுக்கு 'மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்' (நொடிக்கணக்கில் ஓராண்டு, மாறாது). இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். புதிய எச்டிஎம்எல் முதலில் ஏறி, ஜேஎஸ் பின்னால் வந்தால், இடைப்பட்ட நொடிகளில் இல்லாத கோப்புக்குப் பதிலாகச் சில சர்வர்கள் முகப்புப் பக்கத்தை 200 ('சரி') என்று நீட்டும். கிளவுட்ஃப்ளேர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. '.ஜேஎஸ்' என்ற வாலைப் பார்த்துச் சேமித்துக்கொள்ளும்; அந்த ஃபோல்டருக்கே ஓராண்டு ஹெட்டர் என்றால் ஓராண்டுக்கு. விளைவு, வெள்ளைத் திரை. எனவே கோப்புகளை முதலில் ஏற்றுங்கள், எச்டிஎம்எல் கடைசியில். இல்லாத கோப்புக்கு 404 ('கிடைக்கவில்லை') வரட்டும். பழைய ஹேஷ் கோப்புகளையும் இரண்டு வாரமாவது விட்டுவையுங்கள். திறந்தே கிடக்கும் டேப் அவற்றைத்தான் கேட்கும்.

சர்வீஸ் வொர்க்கர் (பிரௌசரில் பின்னணியில் ஓடும் ஜேஎஸ் கோப்பு) இருந்தால் இன்னொரு பொறி. அந்தக் கோப்பு மாறியதா என்று பார்க்கும்போது பிரௌசர் தன் கேச்சைத் தாண்டித்தான் கேட்கும். ஆனால் ஹெட்டர் இல்லாத ஜேஎஸ்ஸை கிளவுட்ஃப்ளேர் 120 நிமிடம் வைத்திருக்கும், பழையதையே கொடுக்கும். அதற்கும் 'நோ-கேச்', அல்லது 'கேச் ரூல்ஸ்' பகுதியில் பைபாஸ் (சேமிக்காதே என்ற விதி). இலவசத்தில் 10 விதிகள் உண்டு, ஒன்று இதற்குப் போகட்டும்.

சரிபார்க்க, டெர்மினலில் 'கர்ல்' கட்டளையில் ஹெட்டரைப் பாருங்கள். 'சிஎஃப்-கேச்-ஸ்டேட்டஸ்' எச்டிஎம்எல்லுக்கு 'டைனமிக்' (சேமிக்கவில்லை), ஹேஷ் கோப்புக்கு 'ஹிட்' (சேமித்த பிரதி) என்றிருக்க வேண்டும். அதே இடத்தில் வரும் 'சிஎஃப்-ரே' எண்ணின் வாலில் 'எம்ஆர்யு' வந்தால் பதில் மொரீஷியஸிலிருந்தே வருகிறது.

எச்டிஎம்எல்லுக்கே ஓராண்டு கொடுத்து அனுப்பிவிட்டவர்களுக்கு எந்தத் திட்டமும் கைகொடுக்காது. போன்காரர் தானே ரீஃப்ரெஷ் செய்தாலோ கேச்சை அழித்தாலோ ஒழிய, அந்தப் போன் சர்வரைக் கேட்காது. உங்கள் பக்கத்திலிருந்து புதிய முகவரி கொடுப்பதே நம்பகமான வழி.