டாம்கேட்டில் சும்மா கிடக்கும் இணைப்புகள்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

பொங்கல் விடுமுறைக்கு பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு அலுவலகங்களின் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஓசூர் தாண்டி ஊருக்குப் போயிருப்பார்கள். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் செயலிக்கு அன்று வேலையே இருக்காது. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரின் லாகில், பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் 502 பிழை விழுவது அப்போதுதான். திங்கட்கிழமை காலை நெரிசலில் ஒன்றுகூட வராது. லோடு குறையக் குறையப் பிழை கூடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐடில் டைம்அவுட்டை, அதாவது சும்மா கிடக்கும் இணைப்பை மூடும் நேர வரம்பை.

டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரோடு வரும் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்‌ஷன் டைம்அவுட் 20000 மில்லிவிநாடி, அதாவது 20 விநாடி. அந்த வரியை நீக்கினால் 60 விநாடி. கீப்அலைவ் டைம்அவுட்டைத் தனியாகக் கொடுக்காவிட்டால் அதுவும் இதே எண்ணை எடுத்துக்கொள்ளும். குழப்பம் தொடங்குவது இங்கேதான். முதலாவது, இணைப்பு வந்தபின் கோரிக்கை வரிக்காகக் காத்திருக்கும் நேரம். இரண்டாவது, ஒரு பதில் போனபின் அடுத்த கோரிக்கைக்காகக் காத்திருக்கும் நேரம். சர்வ்லெட் (கோரிக்கையைக் கையாளும் ஜாவா நிரல்) உள்ளே ஐந்து நிமிடம் கணக்குப் போட்டாலும் இவை இரண்டும் அதை வெட்டாது. பலர் இதைத் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ் தரும் லோட் பேலன்சர் ஏஎல்பியின் ஐடில் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. பின்னால் டாம்கேட் 20-இல் நிற்கிறது. 20 விநாடி முடிந்ததும் டாம்கேட் ஃபின் என்ற முடிப்புச் செய்தியை அனுப்பி இணைப்பை மூடுகிறது. அந்த ஃபின் வந்து சேரும் முன் ஏஎல்பி அதே இணைப்பில் ஒரு போஸ்ட் கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. மூடிய சாக்கெட்டுக்கு வந்த டேட்டாவுக்கு கர்னல் ரீசெட் (இணைப்பு முறிந்தது என்ற செய்தி) கொடுக்கிறது, பயனருக்கு 502. டாம்கேட் ஆக்சஸ் லாகில் அந்தக் கோரிக்கைக்கு ஒரு வரிகூட இருக்காது. நோயை உறுதிசெய்யும் அடையாளம் அதுதான். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் டாம்கேட்டில் இரு பக்கமும் 60 என்று நிற்கும். பிழை அரிதாகும், ஆனால் தீராது.

தீர்வு: பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். கீப்அலைவ் டைம்அவுட்டை 75000 ஆக்குங்கள். கனெக்‌ஷன் டைம்அவுட்டை 20000-இலேயே விடுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால், கோரிக்கையைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி சர்வரை முடக்க நினைப்பவனுக்கு நாமே இடம் கொடுக்கிறோம். ஸ்பிரிங் பூட் 2.5 முதல் கீப்அலைவுக்குத் தனி அமைப்பே இருக்கிறது.

"இணைப்பைத் திறந்தே வைத்தால் த்ரெட் தீர்ந்துவிடும்" என்ற பயம், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு த்ரெட்டைக் கட்டிவைத்த பழைய பிஐஓ காலத்தது. டாம்கேட் 8.5 பதிப்பில் பிஐஓவையே எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் உள்ள என்ஐஓவில் சும்மா கிடக்கும் இணைப்புக்கு ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரும் கொஞ்சம் மெமரியும் போதும். 200 த்ரெட்டில் ஒன்றையும் பிடித்து வைக்காது. பார்க்க வேண்டியது யூலிமிட்டை, அதாவது ஒரு புராசஸ் திறக்கக்கூடிய ஃபைல் டிஸ்கிரிப்டர் வரம்பைத்தான். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 8192 இருந்தும் யூலிமிட் 1024 என்றால் அங்கேதான் முட்டும்.

மாற்றியதைச் சோதிக்க டெல்நெட் போதும். 8080 போர்ட்டில் இணைந்து எதுவும் தட்டாமல் இருங்கள். 20 விநாடியில் அறுந்தால் சரி. பிறகு ஒரு கெட் கோரிக்கையும் ஹோஸ்ட் வரியும் வெற்று வரியும் கொடுத்துப் பதில் வாங்கியபின் காத்திருங்கள். 75-இல் அறுபட வேண்டும். நேரம் முடிந்த இணைப்புகளைத் தேடும் போலர் அவ்வப்போதுதான் பார்ப்பதால் ஒரு விநாடி வரை தள்ளிப்போகலாம்.

ஏடபிள்யூஎஸ்ஸின் இன்னொரு லோட் பேலன்சரான என்எல்பி முன்னால் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். அது இணைப்பின் சொந்தக்காரர் அல்ல, கடத்திவிடுபவர் மட்டுமே. அதன் இயல்பான டிசிபி ஐடில் டைம்அவுட்டான 350 விநாடி தாண்டினால் இரு முனைக்கும் சொல்லாமல் மறந்துவிடும். லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா எனப் பார்க்கும் சோதனை; மேலே சொன்ன கீப்அலைவ் வேறு) இயல்பாக 7200 விநாடிக்குப் பிறகுதான் விழிக்கும். அங்கே டாம்கேட் 350-க்குள் மூடுவதே நல்லது. இணைப்பைத் தக்கவைக்க வேண்டுமென்றால் டிசிபி கீப்அலைவை 300-க்கு இறக்கி, சாக்கெட்டில் அதை இயக்கியும் விட வேண்டும்.