கிட்டார் உதிரிபாகங்களும் கருவிகளும்: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே மாற்றியமைக்க நினைப்பவர் முதலில் ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கட்டும். எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), எந்த பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சில வருடங்களாக இரண்டு கிட்டார்களில் மரத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றி வாசித்துவருகிறேன். ஒன்று ஃபெண்டரின் ஸ்ட்ராட் வடிவம், மற்றொன்று இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் இரண்டு வைத்தது. மட்டமான பொருளை வாங்கிப் பணம் போவது குறைவு. நல்ல பொருளாகப் பார்த்து வாங்கி, அது துளைக்குள் நுழையாமல் மேசை இழுப்பறையில் கிடப்பதுதான் அதிகம்.

காரணம் எளிது. கிட்டார் பாகங்களில் இரண்டு அளவுமுறைகள் இன்னமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க வழக்கில் வந்தவை அங்குலத்தில் இருக்கும், ஆசியத் தொழிற்சாலைகளில் செய்தவை பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். கடைப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஒலியையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாட்களை (பொட்டென்ஷியோமீட்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். சிடிஎஸ் நிறுவனத்தினுடையது போன்ற முழு அளவு பாட்களின் மரை போட்ட கழுத்து 9.5 மி.மீ. தடிமன். மலிவான கிட்டார்களில் வரும் சின்ன பாட்களுக்கு 7 அல்லது 8 மி.மீ. துளைதான் போட்டிருப்பார்கள். துளையைப் பெரிதாக்க நேராக டிரில் பிட்டை எடுத்தால் பிக்கார்ட் (முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) விரியும், மரமாக இருந்தால் மேலே உள்ள பெயின்ட் பெயர்ந்து வரும். கூம்பு வடிவ ரீமரைக் கையால் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துவதுதான் பத்திரம். இந்த ரீமரை நான் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை, ஆனாலும் வாங்கியதில் வருத்தமில்லை.

குமிழ்களிலும் இதே கதைதான். பிளவு போட்ட தண்டில் அமெரிக்க ரகத்துக்கு 24 பற்கள், மெட்ரிக் ரகத்துக்கு 18. மாற்றி அழுத்தினால் பிளாஸ்டிக் குமிழ் வெடித்துவிடும். முழுத்தண்டு என்றால் ஒன்று 6.35 மி.மீ., இன்னொன்று 6 மி.மீ. பெரிய துளைக் குமிழைச் சின்னத் தண்டில் பொருத்தி, பக்கத் திருகை இறுக்கிச் சமாளிக்கலாம், ஆனால் சுற்றும்போது லேசாக ஆடும். கம்பியை முறுக்கும் ட்யூனரின் துளை நவீன ரகங்களில் 10 மி.மீ., பழைய பாணியில் ஏறக்குறைய 8.7. பெரிய துளையில் பழைய பாணி ட்யூனரைப் பொருத்த இடைவளையங்கள் கிடைக்கின்றன. சின்னத் துளையைப் பெரிதாக்குவது கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் கை வைக்கும் வேலை, அதனால் நான் தவிர்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது ட்ரெமலோ பிரிட்ஜ், அதாவது கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ். ஆறு திருகு ரகத்தில் முதல் திருகின் மையத்திலிருந்து கடைசித் திருகின் மையம் வரை அளக்க வேண்டும். பழைய ஃபெண்டர் அளவு 56 மி.மீ. சொச்சம், மலிவு ரகங்கள் பலவற்றில் அதைவிடக் குறைவு. இது பொருந்தினாலும் போதாது. முழு அளவு பாடியின் தடிமன் 44 மி.மீ. சொச்சம். மெலிந்த பாடி என்றால் பிரிட்ஜின் அடியில் உள்ள முழு நீள உலோக பிளாக் பின்பக்கம் எட்டிப் பார்க்கும், மூடித் தகட்டைப் போட முடியாது. விற்பனைப் பக்கத்தில் பிளாக்கின் ஆழம் எழுதியிருக்காவிட்டால் நான் கேட்டுவிடுகிறேன். பதில் வராத இடத்தில் வாங்குவதில்லை.

அடுத்தது, எங்கே வாங்குவது என்ற கேள்வி. ஸ்டூமேக் மாதிரி லூதியர் (கிட்டார் செய்பவர்) கருவிகளுக்கென்றே இருக்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே தேவை என்று தோன்றும். அவர்களுடைய கருவிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் பாதி, வேறு தொழில்காரர்கள் தினமும் கையாளும் சாதாரணப் பொருள்தான். கம்பியின் உயரம் பார்க்க ஃபீலர் கேஜ் வேண்டும் என்றால் வாகன உதிரிபாகக் கடையில் இருப்பது போதும். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளைப் பிடுங்கும் குறடு என்பது முகப்பைத் தட்டையாகத் தேய்த்த சாதாரண வெட்டுக் குறடு. விரல்பலகையின் வளைவைப் பார்க்கும் ரேடியஸ் கேஜை அட்டையில் அச்சிட்டு வெட்டிக்கொள்ளலாம். 7.25, 9.5, 12 அங்குலம் மூன்றும் இருந்தால் பெரும்பாலான கிட்டார்களுக்குச் சரியாக இருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இது இன்னும் பொருந்தும். டோன் கெப்பாசிட்டரை கிட்டார் கடையில் வாங்கவே வேண்டாம் என்பேன். ஹம்பக்கருக்கு 0.022 மைக்ரோஃபாரட், ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 0.047 என்பது பொதுவான வழக்கம். எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடையில் 223, 473 என்று எண் போட்ட ஃபிலிம் கெப்பாசிட்டரைக் கேட்டால் தருவார்கள். எண்ணெயில் ஊறிய காகிதக் கெப்பாசிட்டர் என்று தனியாக ஒரு பக்தி இயக்கமே நடக்கிறது. மதிப்பு ஒன்றாக இருந்தால் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நண்பர்களிடம் சொல்லாமல் மாற்றி வைத்து வாசித்தும் பார்த்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பாட்களில் மட்டும் கொஞ்சம் பொறுக்கியெடுக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரண பாட்களில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது சகஜம் என்பது பலருக்குத் தெரியாது. 500 என்று எழுதியது 400 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். குறைந்த மதிப்பு உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் விழுங்கும். ஒலி மந்தமாக இருக்கிறது என்று புது பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரை எடுத்து வால்யூம் பாட்டை அளந்து பார்க்கலாம். இன்னொன்று, ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்ற எழுத்து லாக் (மடக்கை) வகையையும் பி என்பது லீனியரையும் குறிக்கும். வால்யூமுக்கு லீனியர் போட்டால், குமிழைக் குறைத்துக்கொண்டே போகும்போது கடைசித் திருப்பத்தில்தான் எல்லா மாற்றமும் நடக்கிற மாதிரி கேட்கும்.

நாள்பட்ட உழைப்பைப் பார்த்தால் ஸ்விட்சும் ஜாக்கும் தனி ரகம். பெட்டி மாதிரி மூடிய மலிவு ஜாக்குகளில் உள்ளே இருக்கும் தகடு தளர்ந்து, கேபிளை அசைத்தால் கரகரக்க ஆரம்பித்தது. சுத்தம் செய்ய வழியே இல்லை, தூக்கித்தான் போட வேண்டும். அதற்குப் பதில் போட்ட ஸ்விட்ச்கிராஃப்டின் திறந்த ஜாக் இன்றுவரை ஒரு சத்தமும் செய்யவில்லை. தகடு தளர்ந்தாலும் விரலால் வளைத்துச் சரிசெய்துவிடலாம். சர்க்யூட் பலகையில் செய்த ஐந்து வழி ஸ்விட்சும் இப்படித்தான், முதலில் நன்றாக இருந்து பிறகு இடையில் சத்தம் நின்று போகும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பற்றவைக்க 63/37 ஈயக் கலவைதான் என் தேர்வு. 183 டிகிரியில் உருகி, குழகுழவென்று நிற்காமல் ஒரேயடியாக உறையும். உள்ளே ரோசின் இருக்க வேண்டும். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸைக் கிட்டே சேர்க்கக் கூடாது, நாளடைவில் இணைப்பையே அரித்துவிடும். ஈயம் கையில் படும் என்பதால் வேலை முடிந்ததும் கைகழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைப்பதுதான் எல்லோரும் திணறும் இடம். 25 வாட் பேனா அயர்ன் அந்த உலோகத்தைச் சூடாக்கவே திண்டாடும், அதற்குள் உள்ளிருக்கும் கார்பன் தடம் வெந்துவிடும். 60 வாட், வெப்பக் கட்டுப்பாடு, அகன்ற உளி முனை என்று ஒன்று எடுத்து, முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு வைத்தால் இரண்டு மூன்று விநாடியில் வேலை முடியும்.

இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங்குக்குக் காப்பர் டேப் வாங்கும்போது பசைப்பக்கமும் மின்சாரம் கடத்துமா என்று பார்க்க வேண்டும். கடத்தும் என்று அச்சிட்டு விற்பதையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சொட்டு சால்டர் வைத்துவிட்டால் கவலையில்லை. செம்பு நாளாக நாளாகக் கறுத்தாலும் வேலையில் குறையில்லை. ஒன்று மட்டும், இது மின்புலத்தால் வரும் இரைச்சலைத்தான் தடுக்கும். சிங்கிள் காயில் பிடிக்கும் மின்சார வாரியத்து ரீங்காரம் காந்தப்புலத்தால் வருவது, அது டேப்பைத் தாண்டி வந்துகொண்டேதான் இருக்கும்.

பணத்தை உண்மையாகவே கொட்ட வேண்டிய இடம் ஃப்ரெட் வேலை. சமப்படுத்தும் கட்டைக்குத் தடித்த கண்ணாடித் துண்டோ நேரான அலுமினியச் சட்டமோ போதும். ஆனால் அது உண்மையில் நேராக இருக்கிறதா என்று நம்பகமான ஸ்டீல் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பார்க்கும் ராக்கரையும் குட்டை ஸ்கேலை வைத்துச் சமாளித்துவிடலாம். சமப்படுத்திய ஃப்ரெட்டின் தலையை மறுபடி வட்டமாக்கும், அதாவது கிரவுன் செய்யும் அரத்தில்தான் சமாளிக்க முடியாது. விளிம்பு மழுக்கிய முக்கோண அரத்தாலும் செய்கிறார்கள், கை பழகினவர்களுக்குச் சரி. நான் முதலில் அதைத்தான் வைத்திருந்தேன், பிறகு வைரத் துகள் பதித்த கிரவுனிங் அரம் வாங்கினேன். வேலை நேரம் பாதியாகக் குறைந்தது, ஃப்ரெட்டில் கோடு விழுவதும் நின்றது. ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் போடுகிற எண்ணம் இருந்தால் வைர அரம் கட்டாயம், சாதாரண அரம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். வழக்கமான நிக்கல் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான், அதனால் அரத்துக்கு மென்மையாக இடம் கொடுக்கும்.

மெருகேற்ற 600இல் தொடங்கி 2000 வரை உப்புத்தாள், பிறகு உலோகப் பாலிஷ். ஸ்டீல் உல்லை மட்டும் பிக்கப் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். உதிரும் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், எடுப்பது பெரும் பாடு. பச்சை, சாம்பல் நிறச் செயற்கை நார்த் தேய்ப்பான்கள் அதே வேலையைச் செய்கின்றன.

விரல்பலகையின் முனையில் கம்பிகள் உட்காரும் நட் விஷயத்தில் ஒரு விற்பனையாளர் எலும்பு என்று அனுப்பியது பிளாஸ்டிக். அரத்தால் தேய்த்தால் உடனே தெரியும்: எலும்பு பல் மருத்துவமனை வாசனையடிக்கும், மாவு மாதிரி உதிரும், பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். எலும்புதான் வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. முன்பே கம்பி இடைவெளி வெட்டி வரும் டஸ்க் (செயற்கைத் தந்தம்) நட் ஒன்று இன்னொரு கிட்டாரில் நன்றாகவே உழைக்கிறது. இதற்கும் காலிப்பர் வேண்டும், ஃபெண்டர் வகைப் பள்ளம் 3.2 மி.மீ. அகலம்தான், கிப்சன் வகை அதைவிடத் தடிமன். நட் அரங்கள் முழு செட்டாக வாங்குவது வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு அதிகம். வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் கம்பி அரங்கள் மெதுவாக வெட்டினாலும் ஒழுங்காக வெட்டுகின்றன.

பெயின்டைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் வீட்டுக்குள் செய்கிறவருக்கு என் சிபாரிசு துடைத்துப் பூசும் எண்ணெய்தான். கை படும் இடம் காலப்போக்கில் கொஞ்சம் கறுக்கும், லேசாகத் தேய்த்து மறுபடி ஒரு கை பூசினால் தீர்ந்தது. ஆனால் லின்சீட் எண்ணெய் நனைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து மூடிய தகர டப்பாவில் போட வேண்டும். நைட்ரோ லாக்கர் ஸ்பிரே கேனில் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் காய வேண்டும். காய்ந்த பிறகும் சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டால் இளகிவிடும். கடினப்படுத்தி கலக்கும் டூ-கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குத் தகுந்த முகமூடியும் திறந்த இடமும் இல்லாதவர் தொடவே வேண்டாம், தூசிக்குப் போடும் துணி முகமூடி இதற்கு உதவாது.

பிக்கப்பைப் பழையதாகவே வாங்கலாம், தேய்வதற்கு அதில் எதுவும் இல்லை. மல்டிமீட்டரில் அளவே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஒயர் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: செய்மூர் டங்கனில் சிக்னல் கறுப்பு, டிமார்சியோவில் சிவப்பு. இரண்டிலும் எர்த் பச்சை என்பது மட்டும் ஆறுதல்.

மரம் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோஸ்வுட்டின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் செய்து முடித்த பாகங்களுக்கும் 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது, ஆனால் அறுத்த பலகைக்கு அது பொருந்தாது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே முதல் பட்டியலில் இருக்கிறது. பலகை வாங்கி விரல்பலகை செய்வதைவிட முடித்த நெக்காக வாங்குவது இதனாலேயே நிம்மதி. ஃபெண்டர் வகை என்றால் ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) 648 மி.மீ., பாடியில் பொருந்தும் ஹீலின் அகலம் 56 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். நீட்டிய விரல்பலகை உள்ள 22 ஃப்ரெட் நெக், 21 ஃப்ரெட் பாடியிலும் உட்காரும், 24 ஃப்ரெட் உட்காராது. ஹீலின் மேல் காலிப்பரை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மழுப்புகிறவரிடம் பேரம் பேசுவதில்லை.