திண்ணையில் நான்கு பீஸ் லில்லி: எது தங்கும், எது மாறும்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாரில் எங்கள் வீட்டுக் கிழக்குத் திண்ணையில் நான்கு சட்டிகளில் பீஸ் லில்லி நிற்கிறது. ஒன்று முழுப் பச்சை. ஒன்று டொமினோ. ஒன்று பிகாசோ. இந்த இரண்டும் இலையில் வெள்ளை கலந்த ரகங்கள். நான்காவதற்குப் பெயர் கிடையாது. அந்தப் பச்சைச் செடியின் தூரிலிருந்தே பாதி வெள்ளையாக முளைத்து வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது நான்காவது சட்டியின் முன்னால்தான். கன்று கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் டொமினோவைப் பிரித்துக் கொடுத்து அனுப்புகிறேன். கஞ்சத்தனம் என்று சிலருக்கு வருத்தம். காரணத்தைத் திண்ணையில் நின்றபடியே பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லிக் குடும்பத்துச் செடி அல்ல. சேம்பு, சேனை, ஆந்தூரியம் ஆகியவற்றின் பங்காளி. நாம் பூ என்று சொல்லும் வெள்ளை மடல் உண்மையில் ஓர் இலை. நடுவே நிற்கும் கதிரில்தான் உண்மையான பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. சேம்பைச் சரியாக வேகவைக்காமல் தின்றவர்களுக்குத் தெரிந்த அந்தக் காறல் இதிலும் உண்டு. கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம். பூனை கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். ஆனால் உண்மையான லில்லியைத் தின்ற பூனைக்கு வரும் சிறுநீரகச் செயலிழப்பு இதனால் வருவதில்லை. நான்கு சட்டிக்கும் இது பொதுவானது, ஆகவே குழந்தை தவழும் வீட்டில் எதை வாங்கினாலும் உயரத்தில் வையுங்கள்.

இனி அந்த வெள்ளை. நம் மாவட்டத்தில் செந்துளுவன் என்ற செவ்வாழை நட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சிவப்புக் குலை எதிர்பார்த்து நிற்கும்போது ஏதோ ஒரு மூட்டில் பச்சைக் குலை தள்ளும். கன்று மாறிவிட்டது என்று கன்று தந்தவரைத் திட்டுவோம். பாவம், அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். செந்துளுவன் பச்சையாக மாறுவது வாழையில் பலகாலமாக அறியப்பட்ட திடீர் மாற்றம். ஒட்டுப் போடவில்லை, மருந்து அடிக்கவில்லை. வளரும் குருத்தில் ஏதோ ஓர் உயிரணுவின் மரபுச் செய்தி பிசகியது, அதிலிருந்து பிறந்த அணுக்களெல்லாம் அந்தப் பிசகோடு பெருகின. என் நான்காவது சட்டியில் நடந்ததும் அதுவே. சில அணுக்கள் பச்சையம் செய்ய மறந்துவிட்டன.

ஆனால் அந்தப் பிசகு குருத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே செடியின் எதிர்காலம் அமைகிறது. குருத்தின் நுனியில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு முழுவதுமே மாறியிருந்தால், அந்தக் குருத்திலிருந்து வரும் இலைகள் எல்லாம் ஒரே கோலத்தில் வரும். தூரைப் பிரித்து வைத்தாலும் பெரும்பாலும் அப்படியே வரும். மாறாக, தேங்காய்க் கீற்றுப்போல ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இலை தோறும் கோலம் மாறும். பக்கக்கன்று பச்சைப் பக்கத்தில் முளைத்தால் முழுப் பச்சை, வெள்ளைப் பக்கத்தில் முளைத்தால் முழு வெள்ளை, எல்லையில் முளைத்தால் இரண்டும் கலந்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே கெடுத்துத் தெரிந்துகொண்டேன். போன வருடம் ஆடி மழை விட்டதும் நான்காவது செடியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு துண்டு இரண்டே மாதத்தில் சுத்தப் பச்சையாகி, தாய்ச்செடியோடு வைத்தால் அடையாளம் தெரியாதபடி ஆனது. இன்னொன்று சுண்ணாம்பு அடித்ததுபோல முழு வெள்ளை. பார்க்க அவ்வளவு அழகு. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். தூரோடு ஒட்டியிருந்தவரை பச்சை இலைகள் சமைத்துப் போட்டதைத் தின்று வாழ்ந்த பிள்ளை அது. தனிச் சட்டியில் தனக்கென்று சமைக்கத் தெரியாமல் ஆறு வாரத்தில் போய்விட்டது. மூன்றாவது துண்டுதான் இன்று திண்ணையில் நிற்பது.

டொமினோவையும் பிகாசோவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். டொமினோவின் வெள்ளை, இலை முழுவதும் சிதறித் தெளித்த கோலம். இலைக்கு இலை கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் ஐந்து முறை பிரித்திருக்கிறேன், ஒரு கன்றுகூட ஏமாற்றவில்லை. பிகாசோ வேறு ரகம். தூரிகையை முக்கி இழுத்ததுபோல அகலமான வெள்ளைப் பட்டைகள். ஓர் இலை முக்கால் வெள்ளை, அடுத்தது கால் வெள்ளை. எந்த இரண்டு இலையும் ஒன்றுபோல இராது. அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம், அதுவே தலைவலியும். முழுப் பச்சைக் கன்று வந்தால் வேரோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வேகமாக வளரும் பச்சை மற்றதை அமுக்கிவிடும். நான் வாங்கிய அன்று பச்சைச் செடியைப்போல நான்கு மடங்கு விலை. அதற்கு முன் வேறொரு நர்சரியில் பிகாசோ என்று சொல்லித் தந்த செடி மூன்றே இலையில் பச்சையாகிப் போனது தனிக்கதை. இலையை மட்டும் பார்க்காமல் காம்பைப் பாருங்கள்: காம்பிலும் வெள்ளைக் கோடு ஓடுகிறதா, தூரில் உள்ள எல்லாக் குருத்திலும் வெள்ளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

வெள்ளை எல்லாமே திடீர் மாற்றம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சேம்பைத் தாக்கும் தேமல் வைரஸ் பீஸ் லில்லியையும் தாக்கும். அதில் எல்லை தெளிவாக இராது. நரம்பை ஒட்டி இறகுபோல வெளிறும், இலை சுருங்கிக் கோணும். மரபு மாற்றத்தில் கத்தியால் வெட்டியதுபோல எல்லை தெரியும், இலையின் உருவம் பெரும்பாலும் கெடாது. அடியிலைகள் மட்டும் ஓரத்திலிருந்து மஞ்சளானால் அது வெறும் மக்னீசியக் குறைவு. ‘அபூர்வக் கன்று’ என்று நோயை வாங்கி வந்து பக்கத்துச் சேம்புப் பாத்திக்கும் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் பச்சைக்கு நிகர் எதுவும் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டின் இருட்டு மூலையிலும் அது பிழைக்கும், பூ மட்டும் குறையும். டொமினோவுக்குச் சன்னல் ஓரம் வேண்டும். பிகாசோவுக்கும் என் பெயரில்லாச் செடிக்கும் நல்ல வெளிச்சமும் வேண்டும், நேர்வெயிலும் ஆகாது; உச்சிவெயில் அரை மணி நேரம் பட்டால் வெள்ளைப் பகுதி அப்பளம்போலக் கருகும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மாதக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் என்பதால், மழைக்காலத்தில் அவற்றைத் திண்ணையின் வெளி ஓரத்துக்கு நகர்த்துகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டும். குளச்சலில் தங்கை வீட்டுக் கிணற்றில் லேசான உப்பு. அங்கே பச்சைச் செடிக்கு நுனி மட்டும் பழுக்கிறது. அதே தண்ணீரில் டொமினோவின் ஓரமெல்லாம் பழுப்பு, வெள்ளையில் அது இரட்டிப்பாகத் தெரிகிறது. அவள் இப்போது மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுகிறாள். தென்னை நார்க்கழிவில் நடுவதானால் உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசுங்கள். சட்டியில் தண்ணீர் தேங்கினால் நான்குக்கும் வேர் அழுகும்.

பூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை நிறையப் பூக்கும், மற்றவை குறைவாக. கடையில் குலுங்கிய செடி வீட்டில் பூக்கவில்லை என்றால் உங்கள் மேல் குற்றமில்லை. ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பூக்கவைத்து விற்பது பண்ணைகளில் சாதாரணம். காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சையும் விலையில் சேர்க்க வேண்டாம். 1989-இல் நாசா சோதித்தது மூடிய சிறு பெட்டிக்குள்; கதவும் சன்னலும் திறந்து கிடக்கும் நம் வீட்டில் ஒரு சட்டி அதைச் செய்யாது.

என் செடியைப் ‘புது ரகம்’ என்று பதிவு செய்யலாமே என்றார் மார்த்தாண்டத்தில் கன்று வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். தானாக நேர்ந்த மாற்றம் என்பது அதற்குத் தடை அல்ல. அமெரிக்காவில் 1930 முதலே செடிக் காப்புரிமை உண்டு. சாகுபடியில் தோன்றிய திடீர் மாற்றங்களும் அதில் சேரும். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது புது ரகத்திடம் கேட்பவற்றில் மூன்று முக்கியம்: மற்றதிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும், செடிக்குச் செடி ஒன்றுபோல இருக்க வேண்டும், பெருக்கினாலும் மாறாமல் இருக்க வேண்டும். முதல் கேள்வியில் என் செடி தேறும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மூன்று துண்டு மூன்று விதமாகப் போன செடி எப்படித் தேறும்? திசு வளர்ப்பில் போட்டால் அடுக்குகள் கலைந்து கோலம் இன்னும் சிதறலாம். ரப்பரில் ஒரே தாயின் மொட்டை ஒட்டிய மரங்கள் ஒன்றுபோல நிற்பதைப் பார்த்துப் பழகிய அண்ணாச்சிக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆகவே முதல்முறை வாங்குகிறவருக்கு, அல்லது இருட்டு வீட்டுக்கு, பச்சை. இலை அழகும் வேண்டும், நிம்மதியும் வேண்டும் என்பவருக்கு டொமினோ. தினமும் செடியின் முகத்தைப் பார்க்க நேரம் உள்ளவர் பிகாசோ வாங்கட்டும்.

என் செடியைத் தரமாட்டேன். அதன் கன்றும் கன்றின் கன்றும் ஒரே கோலத்தில் வந்தால் பார்க்கலாம். போன வாரம் விரிந்த இலையில் வெள்ளை சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. தூரின் மறுபக்கத்தில் ஒரு முளை தலைகாட்டுகிறது. இன்னும் சுருள் பிரியவில்லை.