தரைப் பாத்தியா, பலகைப் பாத்தியா, குரோ பேக்கா? சமூகத் தோட்டம் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஒரு பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ குடியிருப்புக்கோ தோட்டம் அமைத்துத் தரும் தன்னார்வலர்களுக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் எது பளிச்சென்று தெரியும் என்று பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: ஆறு மாதம் கழித்து அங்கே தண்ணீர் ஊற்றப் போவது யார், எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள்?

மண் நன்றாக இருந்தால் தரைப் பாத்திக்கு ஈடு எதுவும் இல்லை. வேர் ஆழமாகப் போகும், ஈரம் நிற்கும், பொருள் செலவும் குறைவு. ஆனால் மண்ணை முதலில் சோதிக்க வேண்டும். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் நல்ல வடிகால். அதற்கும் குறைந்தால் அங்கே வேர் அழுகும். பழைய கட்டடச் சுவரை ஒட்டிய இடமானால் உதிர்ந்த பெயின்டிலிருந்து ஈயம் கலந்திருக்கலாம். ஆய்வகத்தில் பார்க்காமல் கீரை போடக் கூடாது.

தரைப் பாத்தியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, ஈரக் களிமண்ணைக் கொத்துவது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் அன்று மண்வெட்டியைத் தொடாதீர்கள், காய்ந்ததும் கல்லாகிவிடும். இன்னொன்று கோரை. கொத்தக் கொத்தக் கிழங்குகள் பிரிந்து ஒன்று பத்தாகும். அட்டை விரித்து மூடினாலும் துளைத்துக்கொண்டு வரும். கோரை மண்டிய இடத்தில், அதைத் தொடர்ந்து கிழங்கோடு பிடுங்க ஆள் இல்லாவிட்டால், தரைப் பாத்தி போடுவது அந்தக் குழுவுக்குச் செய்யும் அநியாயம்.

மண் மோசமென்றாலோ குனிய முடியாதவர்கள் பயன்படுத்தப் போகிறார்கள் என்றாலோ, தரைமேல் பலகையால் சட்டம் கட்டி மண் நிரப்பும் பலகைப் பாத்தி. 8 அடி நீளம், 4 அடி அகலம், ஓரடி உயரம் என்பது வசதியான அளவு. இரு பக்கமிருந்தும் கை இரண்டடிதான் எட்டும், அதனால் 4 அடிக்கு மேல் அகலம் கூடாது. சுவரோரம் என்றால் இரண்டடியோடு நிறுத்துங்கள். 6 அங்குலப் பலகையை இரண்டடுக்காக வைத்தால் 8 அடியில் நான்கு, 4 அடியில் நான்கு, நான்கு மூலைக்கட்டைகள், 3 அங்குல ஸ்க்ரூ 40. பலகை நுனி பிளக்காமலிருக்க முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். நீளப் பக்கங்களின் நடுவில் பக்கத்துக்கொரு முளை அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே ஈர மண் பலகையை வெளியே தள்ளி வயிறு போடும். அந்த 40-இல் எட்டு ஸ்க்ரூ இந்த முளைகளுக்குத்தான். பழைய ரயில் கட்டைகள் வேண்டாம், கட்டை அழுகாமலிருக்க அவற்றில் ஊற வைத்த கிரியோசோட் என்ற எண்ணெய் நஞ்சு.

பலரும் ஏமாறுவது மண் கணக்கில். இந்த ஒரு பாத்திக்கு 32 கன அடி மண் பிடிக்கும். எடை ஒரு டன்னுக்கும் மேல். தள்ளுவண்டியில் இரண்டரை கன அடி என்று வைத்தால் 13 நடை. ஐந்து பாத்தி என்றால் 65. லாரி எங்கே கொட்டும், அங்கிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும் என்பதை முதல் நாளே நடந்து பாருங்கள். கம்போஸ்ட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அது மட்கி மட்கி ஒரே பருவத்தில் பாத்தி பல அங்குலம் இறங்கிவிடும். சக்கர நாற்காலி வருமென்றால் நடைபாதை 4 அடி, பாத்தி உயரம் இரண்டடி; மண் கணக்கும் இரட்டிப்பாகும்.

மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பையான குரோ பேக் சிமென்ட் தளத்துக்கும், எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாத இடத்துக்கும் ஏற்றது. அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் 12 அங்குல விட்டமுள்ள பையில் ஒரு பலகைப் பாத்தியின் பரப்பைப் பிடிக்க சுமார் 40 பைகள் வேண்டும். பலகைப் பாத்திக்கு வாரம் ஓரங்குல நீர் என்றால் சுமார் 75 லிட்டர். கோடையில் 40 பைகள் ஒரே நாளில் கிட்டத்தட்ட அவ்வளவு குடித்துவிடும். நீண்ட விடுமுறை விடும் பள்ளிக்கு இதைக் கொடுத்தால், திரும்பி வரும் பிள்ளைகள் பார்ப்பது காய்ந்த குச்சிகளைத்தான். மொட்டை மாடி என்றால் தளம் தாங்குமா என்று பொறியாளர் சொல்லட்டும்.

ஆளும் மண்ணும் சரியாக இருந்தால் எங்கள் தேர்வு தரைப் பாத்திதான். பலகைப் பாத்தி தேவைக்கு, குரோ பேக் வேறு வழியில்லாதபோது. எதைப் போட்டாலும் மேலே காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் 2 அங்குல மூடாக்கு, தண்டைத் தொடாமல். குழாயிலிருந்து கடைசிப் பாத்தி வரை ஹோஸ் எட்டுகிறதா என்பதைப் பலகை வெட்டும் முன்பே இழுத்துப் பார்த்துவிடுங்கள். வாளி தூக்க வேண்டிய பாத்திதான் முதலில் காயும்.